அழிக்கவா என்று கேட்டது கம்ப்யூட்டர்

அல்லிக்குளம் குடியிருப்பின் வீட்டுவசதி வாரிய அலுவலகத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டர், கரண்ட் போய்த் திரும்பி வந்த ஒரு மாசி மாதக் காலையில், தன்னை அடியிலிருந்து நுனிவரை சோதித்துப் பார்த்துவிட்டு, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளில் எச்சரிக்கைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதத் தொடங்கிய அதே நேரத்தில், எட்டாவது பிளாக்கின் மூன்றாம் மாடியில் தோசை திருப்பிக்கொண்டிருந்த நாகபூஷணம் தரையை விட்டு நான்கு விரற்கடை மேலே எழும்பினாள். அடுப்பு தாழ்ந்துபோனதாகத்தான் அவளுக்கு முதலில் தோன்றியது.

"இன்னாய்யா, அடுப்பு இவ்ளோ பள்ளத்துல கீது?"

அவள் புருஷன் கன்னியப்பன் பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல், ஸ்டூலில் படாமல் உட்கார்ந்திருந்தான். குனிந்து தன் கால்களைப் பார்த்தான், அவள் கால்களைப் பார்த்தான். "நானும்தான் மேல கீறேன். மொதல்ல தோசைய எடு, கருகுது" என்றான்.

மத்தியானத்துக்குள் விஷயம் எல்லா பிளாக்குக்கும் தெரிந்துவிட்டது. எழும்பியவர்கள் எல்லோரும் சுண்ணாம்புக்கரைக்காரர்கள். நகரத்தின் நடுவில், ஆற்றின் வளைவில், எத்தனையோ தலைமுறையாக அவர்கள் இருந்த இடத்தின் பெயர் அது. ஆற்றை அழகுபடுத்தப் போகிறோம் என்று சொல்லி, போன வருஷம் ஐப்பசி மழையில், லாரி லாரியாக ஏற்றிவந்து, நகரம் முடிந்து சதுப்பு தொடங்குகிற இந்த இடத்தில், மாடிமேல் மாடியாகக் கட்டிய வீடுகளில் அவர்களை இறக்கிவிட்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்பும் பின்பும் வேறு வேறு குப்பங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே இருந்தார்கள், அவர்கள் கால்களெல்லாம் தரையில்தான் இருந்தன. எழும்பியவர்களும் பறந்துவிடவில்லை. நான்கு விரற்கடைதான். லிப்ட் வேலை செய்யாத அந்தக் கட்டடங்களில் அவர்களும் மற்றவர்களைப் போலவே ஒவ்வொரு படியாக, படிக்கு நான்கு விரற்கடை மேலே கால்வைத்து, மூச்சு வாங்க ஏறத்தான் வேண்டியிருந்தது. "மெதக்கறதுல இன்னா பிரயோசனம், முட்டிவலி அப்டியேதான கீது" என்று கிழவிகள் அலுத்துக்கொண்டார்கள்.

ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் ஐந்தரை மணி பஸ்ஸை விட்டால் நகரத்துக்கு வீட்டுவேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நாள் போயிற்று. ஆகவே பஸ்ஸில் ஏறினார்கள், கண்டக்டர் ஒருமுறை கீழே குனிந்து பார்த்துவிட்டு, மிதக்கிறவர்கள் படிக்கட்டுப் பக்கம் நிற்கவேண்டாம், காற்று அடித்துக்கொண்டு போனால் நான் பொறுப்பில்லை என்று சொல்லி டிக்கெட் கிழித்தார். சாயங்காலம் சதுப்பின் மேலிருந்து காற்று வரும்போது பெண்கள் முந்தானை நுனியில் அம்மிக்குழவி அளவுக் கல்லை முடிந்துகொண்டார்கள். குழந்தைகள் பாண்டி ஆட முடியவில்லை, கட்டத்தை மிதித்தால்தானே ஆட்டம். ஐந்தாம் பிளாக்கில் நடந்த கல்யாணத்தில் பெண் அம்மி மிதிக்க வேண்டிய நேரம் வந்தபோது அவள் கால் அம்மிக்கு மேலேயே நின்றது. இது கல்யாணம் ஆகுமா ஆகாதா என்று மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்க, வேறு குப்பத்துக்காரியான மாப்பிள்ளையின் அம்மா, வாட்டசாட்டமான மனுஷி, அம்மியை இரண்டு கையாலும் தூக்கி மருமகளின் காலடியில் பிடித்து, "கால் போவலன்னா கல்லு வரட்டும், மிதிடி கண்ணு" என்றாள். தாலி ஏறியது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா எல்லோரையும் எடை மெஷினில் நிற்கவைத்தார், முள் நகரவேயில்லை, இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இப்படி எல்லாம் ஒருவழியாகப் பழகிக்கொண்டிருந்தபோதுதான் பாளையம் என்கிற பெரியவர் செத்துப்போனார்.

சுண்ணாம்புக்கரையில் முதன்முதலாகக் குடிசை போட்டவரின் பேரன் அவர். வந்த நாளிலிருந்து சதுப்பின் வாடை ஒத்துக்கொள்ளாமல் இருமிக்கொண்டேயிருந்தவர், ஒரு விடியலில் இருமவில்லை. பாடையைத் தூக்கியவர்களுக்குப் பாரமே தெரியவில்லை. மேளம் அடித்து, பூ இறைத்து, சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்க் குழியில் இறக்கினார்கள், ஆனால் உடம்பு இறங்கவில்லை. குழியின் வாயில், மண்ணுக்கு மேலே, தூங்குகிறவரைப் போல நின்றது. அழுத்தினால் போகும், கையை எடுத்தால் வந்துவிடும். மேளம் நின்றது. கடைசியில் மற்ற குப்பத்துக்காரர்கள் ஆளுக்கொரு கல்லாகக் கொண்டுவந்து, கும்பிட்டு, அவர் மார்பின் மேலும் தொடைகளின் மேலும் வைத்தார்கள். கல்லோடு கல்லாக அவரை மண் எடுத்துக்கொண்டது.

நாகபூஷணம் அங்கே அழவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. தலைமுழுகாமல், சுடுகாட்டு மண் படாத கால்களோடு, நேராக வாரிய அலுவலகத்துக்குப் போனாள். கல்யாணத்தில் தொடங்கி கருமாதி வரை ஊருக்கே இட்லி ஊற்றிய கை அவளுடையது, சுண்ணாம்புக்கரையில் அவள் கடைமுன் அச்சாபீஸ் ஆட்கள் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். இங்கே வந்தபிறகு வாங்கித் தின்ன யாரிடமும் காசில்லாமல் கடை படுத்துவிட்டது, ஆனால் குரல் படுக்கவில்லை.

"யாருப்பா இங்க பெரிய ஆளு? பொணம் மண்ணுல எறங்கமாட்டேங்குது. இன்னா பண்ணீங்க எங்கள?"

அலுவலகத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். எஸ்டேட் ஆபீசர் சற்குணம், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், எந்த உத்தரவையும் படித்து முடிப்பதற்குள் வியர்த்துவிடுகிறவர். இன்னொருத்தி ரோஸ்லின். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுக்கப்பட்டவள். கடல் வீட்டைக் கொண்டுபோன பிறகு வடக்கே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து அம்மாவோடு இங்கே வந்து குடியேறியவள். அவள் கால் தரையில் இருந்தது. ஆனால் பல நாட்களாகவே அந்தத் திரையில் வருவது என்னவென்று அவளுக்குத் தெரியும், வெளியே வந்து இந்த மனிதர்களின் கால்களைப் பார்க்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

அன்று திருப்பிக்கொள்ள முடியவில்லை. "இங்க வாங்கக்கா" என்று நாகபூஷணத்தைத் திரையின் முன் கூட்டிக்கொண்டு வந்தாள். வரிக்கு ஒரு பெயர் இருந்தது, பெயருக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரே கேள்வி. ரோஸ்லின் வாசித்துச் சொன்னாள்.

"கம்ப்யூட்டர் கரண்ட் போய் வந்தா உள்ள எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கும்க்கா. உங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோப்பு. அதெல்லாம் சுண்ணாம்புக்கரைன்னு ஒரு பெரிய கோப்புக்குள்ள இருந்துச்சு. தாய் மாதிரி. அந்த எடத்தயே காலி பண்ணியாச்சு, இனிமே அந்தப் பேரு வேணாம்னு மேல இருந்து உத்தரவு வந்துச்சு, நீங்க மெதக்கறதுக்கு முந்தின நாளுதான் அத எடுத்தோம். மெஷின நிறுத்தாத வரைக்கும் அதுக்குத் தெரியல. கரண்ட் போய் வந்ததும் தேடிப் பாத்துச்சு. புள்ளைங்க இருக்கு, தாய் இல்ல. அதான் கேக்குது. இவங்க எதோடயும் சேரல, அழிக்கவா? ஆமான்னா ஒய், இல்லன்னா என்."

நாகபூஷணம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாதவள்தான், ஆனாலும் அந்த வரிகளில் எது தன் பெயராக இருக்கும் என்று தேடுகிறவள்போலப் பார்த்தாள்.

"எடுத்தத திரும்ப வையேன்."

"அப்படி ஒரு எடமே இப்ப இல்லம்மா" என்று சற்குணம் குறுக்கே வந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கெட்ட மனிதரில்லை. இந்த எச்சரிக்கை நிற்காதவரை தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி நிற்காது என்பது மட்டுமே அவர் கவலை. "உத்தரவு இல்லாம நான் ஒரு எடத்த உண்டாக்க முடியாது. ஆனா ஒரு வழி இருக்கு. எதோடயும் சேராத கோப்புங்களப் போட்டு வைக்கன்னே மெஷின்ல ஒரு எடம் உண்டு. தொலைந்தவைன்னு பேரு. உங்க எல்லாரையும் அதுல போட்டுர்றோம். காலு தரையில நிக்கும், மெஷினும் சும்மா இருக்கும்."

"இன்னா பேரு சொன்ன?"

"தொலைந்தவை."

"நாங்க எங்க சார் தொலைஞ்சோம்?" நாகபூஷணம் மேசையில் கையூன்றிக்கொண்டாள், ஊன்றாவிட்டால் கோபத்தில் இன்னும் மேலே போய்விடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது. "மழையில, சாமான் செட்டோட, புள்ளகுட்டியோட தூக்கினு வந்து போட்டது நீங்க. லாரி நம்பர்கூட எனக்கு மனப்பாடம். வழி தெரியாத போனவன்தான் தொலைஞ்சவன். எங்களுக்கு வழி தெரியும். அந்தப் பேர்ல தரையில நிக்கறதுக்கு நான் மேலயே நிக்கறேன்."

சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போனாள். அவள் போனதும் மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. மறுமுனையில் இருந்தவர், ஒன்றை அழித்துப் பார்ப்பதற்குக்கூட உங்களுக்குத் தைரியமில்லையா சற்குணம் என்று கேட்டிருக்கவேண்டும், ஏனென்றால் அவர் ரோஸ்லினை விலகச் சொல்லிவிட்டு, ரிசீவரைக் காதில் வைத்தபடியே, முதல் வரியில் நின்ற பெயருக்கு ஒய் அழுத்தினார்.

அது கன்னியப்பனின் பெயர்.

அவன் அப்போது மெயின் ரோட்டு டீக்கடையில், சுடுகாட்டிலிருந்து வந்த களைப்போடு, கையில் டீ கிளாஸுடன் நின்றிருந்தான். சுமையேற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி மிதித்தே உரமேறிய கால்கள் கொண்டவன், அந்தக் கால்கள் மெல்ல டீக்கடைக்காரனின் கண்ணுக்கு நேரே வந்தன, பிறகு கூரைக்கு மேலே போயின. "கிளாஸு, கிளாஸு!" என்று கடைக்காரன் கத்தினான். கன்னியப்பன் மிச்ச டீயைக் குடித்துவிட்டு கிளாஸைக் கூரைமேல் பத்திரமாக வைத்தான். காற்று அவனை எட்டாவது பிளாக் பக்கம் தள்ளியது. முதல் மாடி, இரண்டாம் மாடி என்று பால்கனி பால்கனியாக அவன் மேலே போக, துணி பிழிந்துகொண்டிருந்தவர்கள், "எங்கண்ணா போற?" என்று கேட்டார்கள், "தெரியலமா" என்று ஒவ்வொரு மாடியிலும் பதில் சொல்லிக்கொண்டே போனான், மூன்றாம் மாடியில், அப்போதுதான் படியேறி வந்திருந்த நாகபூஷணத்தைப் பார்த்ததும் மட்டும் அவன் முகம் குழந்தையின் முகம்போல ஆகி, "பூஷணம், என்னப் புட்சிக்கோ" என்றான்.

அவள் கை எட்டவில்லை. மிச்ச மாடிகளை அவள் எப்படி ஏறினாள் என்று பிறகு அவளாலேயே சொல்ல முடியவில்லை. மொட்டைமாடியில் காய்ந்த புடவைகளை வரிசையாக உருவி, அங்கிருந்த பெண்கள் எல்லோரும் முடிச்சுப் போட்டுக்கொடுக்க, தண்ணீர்த் தொட்டியின் ஏணிமேல் நின்று வீசினாள். ஒருமுறை தவறியது. மறுமுறை நுனி அவன் கையில் மாட்டியது. கிணற்றில் விழுந்தவனை மேலே இழுப்பதுபோல வானத்தில் விழுந்தவனைக் கீழே இழுத்தார்கள். ஆனால் விட்டால் மறுபடி போனான், ஆகவே இடுப்பில் சுற்றி, தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியோடு சேர்த்துக் கட்டினார்கள். அன்றிலிருந்து கன்னியப்பனின் வாசம் மொட்டைமாடிக்கு மேலே, ஒரு புடவை நீளத்தில். சோறு தூக்குச்சட்டியில் கயிறேறிப் போகும், சாயங்காலம் நாகபூஷணம் போய்ப் புடவையை இழுத்துப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருப்பாள்.

மறுநாள் காலை கரண்ட் போய் வந்தது. அல்லிக்குளத்தில் கரண்ட் தினமும் போகும். கம்ப்யூட்டர் தன்னைச் சோதித்துக்கொண்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து கேட்கத் தொடங்கியபோது, அலுவலகத்தின் வாசலில் சுண்ணாம்புக்கரை முழுவதும் வரிசையில் நின்றது.

"இன்னா அழுத்தணும், சொல்லு" என்றாள் முன்னால் நின்ற நாகபூஷணம்.

"வேணாம்னா என் அழுத்தணும்க்கா."

"என்னா?"

"என். அந்த எழுத்தோட பேரே அதான்."

நாகபூஷணம் சிரித்தாள். வந்து சேர்ந்த நாளிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "என்னுதுன்னு அர்த்தம். நல்ல எழுத்து" என்று சொல்லி, இட்லித்தட்டில் மாவு ஊற்றுகிற விரலை மடக்கி, ரோஸ்லின் காட்டிய கட்டையில் ஓங்கி ஒரு குத்து குத்தினாள். "என்!"

அவளுக்குப் பின்னால் ஒரு கர்ப்பிணி, அவளுக்குப் பின்னால் துப்புரவு வேலைக்குப் போகிற அண்ணன் தம்பிகள், அவர்களுக்குப் பின்னால் அம்மி தூக்கி மிதிக்கவைக்கப்பட்ட புதுப்பெண், ஒவ்வொருவரும் தன் பெயரை ரோஸ்லின் வாசிக்கக் கேட்டு, தன் விரலால் தானே அழுத்தி, வாய்விட்டு "என்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்கள். மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். எச்சரிக்கை தீராமல் கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டேயிருந்தது, இவர்கள் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள்; பஸ் கண்டக்டர் அவர்களுக்காக ஐந்தரை மணி பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்தி எடுக்கப் பழகிக்கொண்டார், டீக்கடைக்காரன் அலுவலகத்தின் வாசலுக்கே கெட்டிலைக் கொண்டுவந்தான். சற்குணம் முதல் நாள் கத்தினார், இரண்டாம் நாள் ரோஸ்லினைப் பார்த்து, உன் ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறது, ஞாபகம் இருக்கட்டும் என்றார். ரோஸ்லின் அம்மாவின் மருந்துச் செலவை நினைத்தாள், பயந்தாள், மறுநாளும் முதல் ஆளாக வந்து கதவைத் திறந்து வைத்தாள்.

மேலே கட்டப்பட்டிருந்த கன்னியப்பனுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேலையில்லை. காற்று துடைத்துவிட்ட ஒரு காலையில் அவன் வடக்கே பார்த்துக்கொண்டு சத்தம் போட்டான். "பூஷணம்! நம்ம ஆத்து வளைவு தெரியுது! தகர வேலி போட்டு வச்சிக்கீறானுங்க. உள்ள ஒண்ணும் கட்டல. பூங்காவும் இல்ல, ஒரு மயிரும் இல்ல. சும்மா கெடக்குது, புல்லு மொளச்சு!"

கீழே இருந்தவர்கள் அதை ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்கு மாற்றிச் சொன்னார்கள். சும்மா கெடக்குது. அன்று யாருடைய வீட்டிலும் சோறு சரியாக வேகவில்லை.

பங்குனி பாதியில் சற்குணம் நாகபூஷணத்தைக் கூப்பிட்டனுப்பி, கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில் சொன்னார். "வர்ற திங்கக்கிழம தலைமை ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வர்றாரு. ஒவ்வொண்ணா எல்லாம் கேக்க மாட்டாரு. எல்லாத்துக்கும் ஆமான்னு ஒரே அழுத்து. புடவை, கயிறு எதுவோ, வாங்கி வச்சுக்குங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் கூடினார்கள். தடுப்போம் என்றார்கள் சிலர், மறியல் என்றார்கள் சிலர், தொலைந்தவைக்கே போய்விடலாமா என்று ஒரு கிழவர் கேட்டார், யாரும் அவரைத் திட்டவில்லை. நாகபூஷணம் புருஷனை அண்ணாந்து பார்த்தாள்.

"யோவ். காத்து எப்டி அடிக்குது சொல்லு."

"காலையில தெக்கேர்ந்து வடக்கால போவுது. மத்தியானத்துக்கு மேல கடல்காத்து வந்து மேற்கால தள்ளுது. முந்தாநேத்து ஒரு காத்தாடி அறுந்து போச்சு பாரு, நேரா நம்ம ஆத்தங்கரைக்குத்தான் போச்சு."

நாகபூஷணம் திரும்பினாள். "அவன் அழுத்துனா அவன் காத்து. கடலுக்குப் போவோம், எங்கனா போவோம். நாமளே அழுத்துவோம். நம்ம நாள்ல, நம்ம காத்துல. அவங்க அழிச்சா போறோம்னு நெனச்சினு கீறாங்க. நாம வூட்டுக்குப் போறோம்."

சனிக்கிழமை விடியும்போது தெற்கேயிருந்து காற்று தொடங்கியிருந்தது. அலுவலகத்தின் முன்னால் புடவைகள், கொடிக்கயிறுகள், தார்ப்பாய்க் கயிறுகள் எல்லாம் சேர்ந்து ஒரே நீளக் கயிறாகக் கிடந்தன. ரோஸ்லின் கம்ப்யூட்டரைப் போட்டாள். அது சோதித்தது, கேட்டது. ரோஸ்லின் முதல் பெயரை வாசித்தாள். இத்தனை நாளும் என் அழுத்திய விரல்கள் ஒவ்வொன்றாக வந்து ஒய் அழுத்தின. அழுத்தியவரை வாசலில் நின்ற மற்ற குப்பத்துக்காரர்கள் பாய்ந்து பிடித்து, இடுப்பில் கயிற்றைச் சுற்றி, அடுத்தவரோடு முடிந்தார்கள். பானைகளோடும், அடுப்புகளோடும், முதுகில் கட்டிய குழந்தைகளோடும் அவர்கள் மேலே மேலே நிற்க, கயிற்றின் அடிநுனியை அம்மி தூக்கிய சம்பந்தி அம்மாளும் டீக்கடைக்காரனும் இன்னும் ஐம்பது அறுபது பேரும் தேர்வடம்போலப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பாதி வரிசை நகர்ந்தபோது சற்குணம் வந்தார். ஓடிவந்தவர் நேராகச் சுவரிலிருந்த மெயின் சுவிட்சில் கையை வைத்தார். அதை அணைத்தால் எல்லாம் நின்றுவிடும்.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தினார். "காத்து மாறிட்டா? கடல்ல விழுந்தா? கொழந்தைங்க இருக்கும்மா!"

"இருக்குது சார்" என்றாள் நாகபூஷணம். "அதுங்களும் ஒருநாள் சாவும். எங்க பொதைப்ப? ஒவ்வொருத்தருக்கும் கல்லு வச்சு அழுத்துவியா?"

சற்குணம் அவள் கால்களைப் பார்த்தார், கால்களுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த அந்த நான்கு விரற்கடையைப் பார்த்தார். சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். பிறகு வெளியே போய், வேட்டிக்காரர்களுக்கும் லுங்கிக்காரர்களுக்கும் நடுவில், பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்.

கடைசியாக நாகபூஷணம். ரோஸ்லின் அவள் பெயரை வாசித்துவிட்டு, "அக்கா, எனக்குப் பயமா இருக்குக்கா" என்றாள்.

"எனக்கு மட்டும் இல்லியா? பயந்துகினே செய்யி. வேலைய வுட்டு அனுப்புனா நேரா நம்மூட்டுக்கு வா." அவள் ஒய் அழுத்தினாள்.

மொட்டைமாடியிலிருந்து கன்னியப்பனின் கட்டை அவிழ்த்து, கயிற்றின் தலைநுனியை அவன் கையில் கொடுத்தார்கள். கீழே இருந்தவர்கள் குலவையிட்டு வடத்தை விட்டார்கள். சுண்ணாம்புக்கரை எழும்பியது. தலைநுனியில் கன்னியப்பன் மீன்பாடி வண்டி மிதிக்கிற பழக்கத்தில் காற்றை மிதித்துக்கொண்டு போக, அவன் பின்னால் கர்ப்பிணியும் கிழவிகளும், கோழிக்கூடையோடு ஒருத்தியும், தைக்கும் மெஷினைக் கட்டிப்பிடித்தபடி ஒருவனும், கடைசியில் இட்லிக் கொப்பரையோடு நாகபூஷணமுமாக, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாய்ப் பல வண்ணப் புடவைகளின் ஒரே மாலையாக அவர்கள் சதுப்புக்கு மேலே போனார்கள், நாரைகள் விலகி வழிவிட்டன, கண்ணாடிக் கட்டடங்களின் மேல்மாடிகளில் இருந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பார்த்தார்கள், துப்புரவு அண்ணன் தம்பிகள் தாங்கள் வேலைசெய்யும் கட்டடத்தைத் தாண்டும்போது இன்றைக்கு லீவு என்று கத்திச் சொன்னார்கள், மேம்பாலத்தில் வண்டிகள் நின்றன, சிக்னலில் நின்ற டிராபிக் போலீஸ்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, வேறென்ன செய்வதென்று தெரியாமல், அவர்கள் போகும் பக்கத்துக்கு வழிவிட்டுக் கைகாட்டினார்.

ஆற்றின் நாற்றம்தான் முதலில் வந்தது. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற அந்த நாற்றத்தை அவர்கள் ஆழ்ந்து இழுத்தார்கள். ஆனால் வேலிக்கு மேலே வந்தபோது காற்று ஓயவில்லை. அது அவர்களைத் தாண்டிக் கொண்டுபோகப் பார்த்தது. கன்னியப்பன் ஒன்றும் யோசிக்கவில்லை. வேலிக்குள் நட்டிருந்த, ஒருநாளும் எரியாத உயரமான விளக்குக்கம்பத்தை இரண்டு கைகளாலும் இரண்டு தொடைகளாலும் கட்டிக்கொண்டான். பின்னால் வந்த ஊர் முழுவதும் சாட்டைபோல ஒரு சுழற்று சுழன்று நின்றது. தோள் கழன்றுவிடும்போல இருந்தது, விடவில்லை. தலைகீழாக, கைமாற்றிக் கைமாற்றிக் கம்பத்தின் வழியே கீழே இறங்கினான். அவன் கால் பெருவிரல் புல்லைத் தாண்டி மண்ணைத் தொட்டதும், யாரோ முதுகில் அரிசிமூட்டையை வைத்ததுபோலப் பாரம் அவன்மேல் வந்து விழுந்தது. முழங்கால் மடங்கி உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து கயிற்றை இழுத்தான். ஒவ்வொருவராக இறங்கினார்கள், ஒவ்வொருவர்மேலும் அவரவர் பாரம் வந்து விழுந்தது. பாதம் வலிக்கிறது என்று குழந்தைகள் அழுதன, பெரியவர்களும் அழுதார்கள், வலியென்றுதான் சொன்னார்கள்.

அன்றைக்கே போலீஸ் வந்தது, வாரியத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். காலி செய்யச் சொன்னார்கள். சட்டப்படி நோட்டீஸ் கொடு என்றார்கள் இவர்கள். நோட்டீஸ் கொடுக்கப் பெயர் வேண்டும், தகப்பன் பெயர் வேண்டும், இருக்கும் இடம் வேண்டும். வாரியத்தின் கம்ப்யூட்டரில் தேடினால் அப்படி யாருமே இல்லை. இல்லாதவர்களை எப்படிக் காலி செய்வது என்று வக்கீல்கள் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்தே தொலைபேசி வந்தது, சற்குணம் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்: நோட்டீஸ் கொடுப்பதற்காவது ஆட்களைத் திரும்பப் பதிவு செய்யுங்கள், இடத்தோடு, உடனே. வேலையை விட்டு அனுப்ப வேண்டியவளாயிருந்தாலும் பாஸ்வேர்டு தெரிந்தவள் ரோஸ்லின் ஒருத்திதான் என்பதால், அவளே உட்கார்ந்து, புதிய கோப்பு ஒன்று திறந்து, சுண்ணாம்புக்கரை என்று எழுத்தெழுத்தாகத் தட்டினாள். அதற்குள் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினாள். பிறகு வேண்டுமென்றே மெஷினை ஒருமுறை நிறுத்திப் போட்டாள். அது தன்னை அடியிலிருந்து நுனிவரை சோதித்துப் பார்த்தது. ஒன்றும் கேட்கவில்லை.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு சற்குணம்தான் வந்தார், கூட ரோஸ்லினும் வந்தாள். அதற்குள் வேலியின் தகரம் பாதிக்கு மேல் கூரைகளாகியிருந்தது. சேற்றுக்குப் பயந்து மேடாக இருந்த ஒரு கல்லின்மேல் ஏறி நின்று, அவர் பெயர்களை உரக்க வாசித்தார். கன்னியப்பன் என்றார், கன்னியப்பன் வாயால் பதில் சொல்லவில்லை, வலது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தான். தொம் என்றது. அடுத்த பெயர், அடுத்த மிதி. கிழவிகள் மிதித்தார்கள், குழந்தைகள் தங்கள் பெயருக்கு இரண்டு முறை மிதித்தன, கர்ப்பிணி மெதுவாக மிதித்தாள். வாசிக்க வாசிக்க அந்தச் சத்தம் மண்ணுக்குள்ளே ஓடி, கல் வழியாக ஏறி, சற்குணத்தின் பூட்ஸுக்குள் நடுங்கியது. கடைசிப் பெயருக்கு நாகபூஷணம் மிதித்தபோது அவர் காகிதத்தை மடித்துவிட்டார்.

"மறுபடியும் காலி பண்ணச் சொல்லித்தான் எழுதியிருக்கும்மா" என்றார். "மறுபடியும் அழிப்பாங்க."

"அழிக்கட்டும். காத்து எப்பவும் அடிச்சினுதான் இருக்கும்." அவள் நோட்டீஸை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, துடைப்பத்தை எடுத்தாள். "கொஞ்சம் எறங்கி நில்லு சார். நீ நிக்கறது எங்க வூட்டு வாசப்படி."